அந்நியப் படை கட்டிய அரசுகள் ஏன் நிற்பதில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் நூலகக் கூட்டங்களிலோ குடிமைப் பணித் தேர்வு வகுப்புகளிலோ ஆப்கானிஸ்தான் பேச்சு எழுந்தால், வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களைத் தொகுத்திருக்கிறோம். தெரிந்ததைத் தாண்டிப் போகலாம். ஆனால் 3, 5 இரண்டையும் விட்டுவிட வேண்டாம். பின்னால் வருபவை அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

1. "தேசக் கட்டுமானம்"னா என்ன சார்? ராணுவம் போய் ரோடும் பள்ளிக்கூடமும் கட்டுறதா?

ரோடும் பள்ளிக்கூடமும் அதில் ஒரு பகுதிதான். ஒரு நாட்டின் ஆட்சியைப் படைபலத்தால் அகற்றிய பிறகு அங்கே புதிய அமைச்சரவை, ராணுவம், போலீஸ், நீதிமன்றம், கருவூலம், தேர்தல் ஆணையம் எல்லாவற்றையும் வெளிநாட்டுப் பணத்தில், வெளிநாட்டு ஆலோசகர்களை வைத்து உருவாக்கி, ஒருநாள் உள்ளூர்க்காரர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புவது என்பதே திட்டம். தென் வியட்நாமில் 1975 வரையிலும், ஆப்கானிஸ்தானில் 2001 முதல் 2021 வரையிலும், ஈராக்கில் 2003க்குப் பிறகும் அமெரிக்கா இதைச் செய்து பார்த்தது.

கட்டடம் கட்டுவது எளிது. அந்தக் கட்டடத்துக்குள் உட்காரும் தாசில்தாரோ நீதிபதியோ யாருக்குப் பயப்படுவார் என்பதுதான் கடினமான பகுதி. உள்ளூர் மக்களுக்கா, தன்னை நியமித்தவருக்கா, டாலர் அனுப்பும் வெளிநாட்டுக்கா? கீழே வரும் பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வரும்.

2. ஆப்கானிஸ்தான்ல எவ்வளவு பணம் கொட்டுனாங்க? எல்லாத்தையும் திருடிட்டாங்களா?

மறுகட்டமைப்புக்கு மட்டும் அமெரிக்கா ஒதுக்கியது ஏறத்தாழ 14,500 கோடி டாலர். போர்ச் செலவு இதில் சேராது. அந்தத் தொகையில் பாதிக்கு மேல், சுமார் 8,800 கோடி, ஆப்கன் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் போனது. எல்லாம் திருட்டு என்று சொல்வது தவறு. கணிசமான பங்கு நாட்டுக்குள் நிற்காமலே வெளிநாட்டு நிறுவனங்கள், ஆலோசகர்கள், அவர்களுடைய பாதுகாப்பு என்று திரும்பிப் போனது. இன்னொரு பங்கு வெறும் விரயம். மிச்சத்தில்தான் திருட்டு.

விரயத்துக்குச் சில உதாரணங்கள், எல்லாம் தணிக்கையில் பதிவானவை. ஆப்கன் விமானப்படைக்கு 54.9 கோடி டாலரில் ஜி-222 ரகச் சரக்கு விமானங்கள் 20 வாங்கப்பட்டன. உதிரி பாகம் கிடைக்காமல் நின்றுபோய், காபூலில் கிடந்த 16 விமானங்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. கிடைத்தது 40,257 டாலர். ஹெல்மந்து மாகாணத்தில் 64,000 சதுர அடியில், 3.6 கோடி டாலரில் ஒரு தலைமையகக் கட்டடம் எழும்பியது. அங்கிருந்த தளபதியே வேண்டாம் என்று சொல்லியும் கட்டினார்கள், யாரும் குடிபோகவில்லை.

ஏன் இப்படி? நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையும். அதிகாரியின் திறமையை, எவ்வளவு செலவழித்தார் என்பதை வைத்தே அளந்தார்கள். 2010 வாக்கில் வந்த உதவி, ஆப்கானிஸ்தானின் மொத்த ஆண்டு உற்பத்திக்குக் கிட்டத்தட்டச் சமம். அந்த அளவு பணத்தை வாங்கிக் கணக்கு வைக்கும் குமாஸ்தாவும் தணிக்கையாளரும் வங்கியும் அங்கே இல்லை. ஒரு நாட்டின் நிர்வாகம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கொட்டினால் வழிவது உறுதி.

3. சம்பளப் பட்டியல்ல ஆளே இல்லாத சிப்பாய்ங்க பேரு இருந்துச்சாமே, அது எப்படி முடியும்?

நூறு நாள் வேலையில் வராத ஆளின் பெயரை மஸ்டர் ரோலில் ஏற்றும் வேலை நமக்குத் தெரியும். அதேதான், துப்பாக்கியோடு. நூறு பேர் இருக்க வேண்டிய ஒரு கம்பெனியில் (ராணுவப் பிரிவில்) எழுபது பேர்தான் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிப்போனவர், செத்தவர், சேரவே சேராதவர் என முப்பது பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். 2010 அளவில் புதுச் சிப்பாயின் மாதச் சம்பளம் சுமார் 165 டாலர். முப்பது பெயருக்கு மாதம் 4,950 டாலர் கம்பெனித் தளபதி கைக்கு வரும். மேலதிகாரிக்கு அதில் பங்கு போகும். முப்பது பேருக்கான அரிசி, டீசல், தோட்டா, பூட்ஸ் எல்லாம் தனி வருமானம்.

பணம் போனதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. காபூலில் இருப்பவர் அந்தச் சாவடியில் நூறு பேர் இருப்பதாக நம்பித் திட்டம் போடுவார். தாக்குதல் வரும்போது எழுபது பேரும், நாற்பது பேருக்கான தோட்டாவும்தான் இருக்கும். ஹெல்மந்தில் 2016இல், பட்டியலில் உள்ளவர்களில் 40 விழுக்காடு ஆள் இல்லாத பெயர்கள் என்று மாகாண அதிகாரிகளே மதிப்பிட்டார்கள். நாடு முழுவதும் ராணுவமும் போலீஸும் சேர்த்து 3,52,000 பேர் என்பது அனுமதித்த எண்ணிக்கை. அது ஒருநாளும் நிஜ எண்ணிக்கையாக இருந்ததில்லை.

இது ஆப்கானிஸ்தானுக்கு மட்டும் உரிய நோய் அன்று. தென் வியட்நாம் ராணுவத்திலும் இருந்தது. ஈராக்கில் 2014 ஜூனில் மோசுல் நகரம் ஐ.எஸ். கைக்குச் சில நாளில் போனது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் பிரதமர் ஹைதர் அல்-அபாதி, சம்பளப் பட்டியலில் 50,000 பொய்ச் சிப்பாய்கள் இருந்ததாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

4. சம்பளத்தை நேரா பேங்க்லயோ செல்போன்லயோ போட்டிருக்கலாமே?

போட்டார்கள். 2009இல் வர்தக் மாகாணத்தில் ஒரு சிறு போலீஸ் குழுவுக்கு எம்-பைசா என்ற செல்போன் பணச் சேவை வழியாகச் சம்பளம் கொடுத்துப் பார்த்தார்கள். முழுச் சம்பளத்தைப் பார்த்த சில போலீஸ்காரர்கள் ஊதிய உயர்வு வந்துவிட்டதாக நினைத்தார்கள். அதுவரை சுமார் மூன்றில் ஒரு பங்கு மேலே நின்றுகொண்டிருந்தது. முறை நல்லது, ஆனால் பங்கை இழந்த மேலதிகாரிகள் எதிர்த்தார்கள், சிப்பாயிடமிருந்து போனையே பிடுங்கப் பார்த்த தளபதியும் இருந்தார்.

வங்கி வழியும் பாதுகாப்பாக இல்லை. சிப்பாய், போலீஸ், ஆசிரியர் சம்பளத்தைப் பட்டுவாடா செய்த காபூல் வங்கி 2010இல் சரிந்தது. உள்ளே இருந்தவர்களும் அரசியல் குடும்பத்தினரும் பொய்க் கம்பெனிப் பெயர்களில் எடுத்துக்கொண்ட கடன் 90 கோடி டாலருக்கு மேல். கடன் பெற்றவர்களில் அதிபர் கர்சாயின் சகோதரரும் துணை அதிபரின் சகோதரரும் உண்டு. மேலே உட்கார்ந்திருப்பவர் கையைக் கட்டாமல் கீழே கருவியை மட்டும் மாற்றினால், ஓட்டை வேறு இடத்தில் திறக்கும். கைரேகைப் பதிவும் பிறகு வந்தது. அதன் கதை கடைசிக் கேள்வியில்.

5. லஞ்சம் எங்கதான் இல்ல? நம்ம ஊர்ல பட்டா மாத்தக்கூட காசு கேக்குறாங்க. நம்ம நாடு கவுந்துடலியே?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. லஞ்சம் இருப்பதற்கும், லஞ்சமே அரசின் எலும்பாக மாறுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதைப் பிரித்தறிய மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சம்பளம் யாருடைய பணம். இங்கே அரசு நடப்பது பெரும்பாலும் நம் வரிப் பணத்தில். ஆப்கானிஸ்தானில் அரசுச் செலவில் நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டு உதவி. வரி கேட்காத அரசுக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டிய தேவை வராது; கணக்கெல்லாம் வாஷிங்டனுக்கு ஆங்கிலத்தில் போகும். இரண்டாவது, கெட்டவரை உள்ளூர் மக்கள் அகற்ற முடியுமா என்பது. 2004 அரசியல் சட்டப்படி மாகாண ஆளுநர், மாவட்ட ஆளுநர், போலீஸ் தலைவர் எல்லோரையும் காபூலிலிருந்தே நியமித்தார்கள். மாவட்ட மன்றத் தேர்தல் சட்டத்தில் இருந்தது, ஒருமுறைகூட நடக்கவில்லை. காந்தஹாரில் ஒரு போலீஸ் தலைவர் கொள்ளையடித்தால் காந்தஹார் மக்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

மூன்றாவது, பதவி விற்பனை. வருமானம் உள்ள எல்லைச் சாவடி, நெடுஞ்சாலைப் போலீஸ் பதவிகளுக்கு விலை இருந்தது. விலை கொடுத்து வந்தவர் மாதாமாதம் மேலே தவணை அனுப்ப வேண்டும். அதற்குச் சாவடியில் லாரியை நிறுத்திப் பணம் பறிக்க வேண்டும். லாரிக்காரர் அதை மாதுளை விவசாயி தலையில் ஏற்றுவார். ஒரே சாலையில் ஐந்தாறு சாவடி. இதே நேரம் தாலிபான் ஒருமுறை வரி வாங்கி ரசீது கொடுத்தது. அடுத்த தாலிபான் சாவடியில் அந்த ரசீதைக் காட்டினால் விட்டார்கள். நீதியும் அப்படித்தான். நிலத் தகராறு அரசு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்து, அதிகம் கொடுப்பவர் பக்கம் சாயும். தாலிபான் நீதிபதி சில நாளில் தீர்ப்புச் சொல்லி அமல்படுத்திவிடுவார். தீர்ப்பு கொடூரமாக இருக்கலாம், பெண்களுக்கு அநீதியாக இருக்கலாம், ஆனால் விலைக்குப் போகவில்லை என்று கிராமத்தார் நினைத்தார்கள். ஒரு அரசு தோற்கும் இடம் இதுதான்.

6. அமெரிக்கப் பணம் தாலிபானுக்கே போச்சுன்னு வாட்ஸ்அப்ல வருதே, உண்மையா?

இது உண்மை, அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழுவே 2010 ஜூனில் விசாரித்துச் சொன்னது. முகாம்களுக்கு உணவு, எரிபொருள், தோட்டா கொண்டுபோக 216 கோடி டாலர் லாரி ஒப்பந்தம் போட்டார்கள். படைக்குத் தரைவழியாக வந்த சரக்கில் 70 விழுக்காடு இதன் மூலம்தான். லாரிகளின் பாதுகாப்பு ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று எழுதிவிட்டார்கள். ஒப்பந்தக்காரர் வழியில் உள்ள ஆயுதக் குழுத் தலைவர்களுக்கு லாரிக்கு இவ்வளவு என்று கொடுத்தார். அவர்கள் தாக்காமல் இருக்கத் தாலிபானுக்கும் ஒரு பங்கு போனது. சரக்கு முகாமுக்கு வந்து சேர்ந்ததால், எப்படி வந்தது என்று ராணுவம் கேட்கவில்லை.

7. கலாச்சார வேறுபாடுன்னா வலது கையால சாப்பிடணும், பொம்பளைங்கள பாக்கக் கூடாது, அதுதானே?

சிப்பாய்களுக்கும் புறப்படும் முன் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மரியாதைப் பிழைகள் சேதம் செய்யும் என்பது உண்மை. இரவில் கதவை உடைத்து வீட்டுக்குள் போய்ப் பெண்கள் இருக்கும் அறையைச் சோதித்ததும், 2012 பிப்ரவரியில் பக்ராம் தளத்தில் குர்ஆன் பிரதிகளை எரித்ததும் பெரும் கோபத்தைக் கிளப்பின. அந்த ஆண்டில் சீருடை அணிந்த ஆப்கன் வீரர்களே நேட்டோ வீரர்களைச் சுட்ட சம்பவங்கள் உச்சத்துக்குப் போயின.

ஆனால் ஆழமான வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது. ஒரு ஊரில் முடிவை யார் எடுக்கிறார், தண்ணீர் முறை யாருடையது, எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் முப்பது வருடப் பகை, பழைய போரில் யார் யாரைக் காட்டிக் கொடுத்தார் என்பவை வெளியாளுக்குத் தெரியாது. அவரிடம் போய் "பக்கத்து ஊர்க்காரன் தாலிபான்" என்று ஒருவர் சொன்னால், பல நேரம் அது நிலத் தகராறு. படை போய் அந்த ஆளைப் பிடிக்கும். அவருடைய தம்பிகள் மறுநாள் உண்மையிலேயே தாலிபானில் சேருவார்கள். பள்ளிக்கூடம் கட்ட இடம் கொடுத்தவர் யார் என்று விசாரிக்காமல் கட்டினால், எதிர்க் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே வரமாட்டார்கள்.

கால அளவும் பெரிய வேறுபாடு. அமெரிக்க அதிகாரி ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இருப்பார். ஊர்ப் பெரியவர்கள் மூன்று தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். ஆள் பழகி, யார் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரியும்போது மாற்றல் வந்துவிடும். புதியவர் முதலிலிருந்து தொடங்குவார். இருபது ஆண்டில் இது திரும்பத் திரும்ப நடந்தது.

8. மொழிபெயர்ப்பாளர்ங்க இருந்தாங்களே? அவங்க சொல்லியிருக்கலாமே?

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பிரெஞ்சுக் கம்பெனி காலத்துத் துபாஷியின் (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவரின்) செல்வாக்கு நம் தெருப் பெயர்களிலேயே இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1747இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி ஆனார். அவருடைய நாட்குறிப்பைப் படித்தால், கவர்னரைப் பார்க்க விரும்பும் எவரும் முதலில் யாரைப் பார்க்க வேண்டியிருந்தது, நஜர் என்ற காணிக்கை எந்த வழியில் போனது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். மொழி தெரியாத ஆட்சியாளரின் காதும் வாயும் ஒரே ஆளிடம் இருந்தால், பாதி ஆட்சி அவரிடம் இருக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த நயினியப்பப் பிள்ளையை 1716இல் பிரெஞ்சு கவர்னர் கைது செய்து தண்டித்தார். தமிழில் சொன்ன சாட்சியம் வேற்று மொழிகள் வழியாகப் பிரெஞ்சுக்குப் போனது. தாங்கள் படிக்க முடியாத காகிதத்தில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். அவர் 1717இல் சிறையிலேயே இறந்தார், அந்தத் தீர்ப்பு பின்னாளில் ரத்தானது. இடையில் நிற்பவர் எல்லோரையும்விடச் செல்வாக்கானவர், எல்லோரையும்விட எளிதில் பலியாகக்கூடியவர்.

ஆப்கானிஸ்தானிலும் இதே நிலைதான். பஷ்டூ பேசும் தெற்குக்கு தாரி மட்டும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வந்த நேரங்கள் உண்டு. ஆப்கன் ராணுவ அதிகாரிகளிலேயே பலர் தாரி பேசும் வடக்கத்தியர். ஹெல்மந்து கிராமத்துக்கு அவர்களே அயலார். ஒப்பந்தம் யாருக்கு, யார் நல்லவர், யார் எதிரி என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதை அதிகாரி சரிபார்க்க வழியில்லை. ஊழலும் கலாச்சார வேறுபாடும் தனித்தனிக் காரணங்கள் என்று பாடப்புத்தகங்கள் பிரித்து எழுதுகின்றன. எங்கள் பார்வையில் இரண்டும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. பார்க்கத் தெரியாதவர் கையில் பணம் இருந்தால், வழிகாட்டுபவர்தான் அதைப் பங்கிடுவார்.

9. அவங்க பழங்குடிச் சமூகம், ஜனநாயகம் ஒத்துவராதுன்னு டிவியில சொல்றாங்களே?

இதை நாங்கள் ஏற்கவில்லை. 2004 அதிபர் தேர்தலில் 80 லட்சம் பேருக்கு மேல் வாக்களித்தார்கள். அதில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு பெண்கள். மிரட்டலையும் மீறி வந்தார்கள். அடுத்த 2009 தேர்தலில் பத்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் மோசடி என்று தள்ளுபடியாயின. மோசடி செய்தவர்களுக்குத் தண்டனை இல்லை. வெளிநாடுகள் அதிபரோடு சமரசம் பேசின. மக்கள் மனம் விட்டுப்போனது அதற்குப் பிறகுதான். தங்களை ஏமாற்றிய தேர்தலை வெறுத்தவர்களைப் பார்த்து, இவர்களுக்குத் தேர்தலே ஒவ்வாது என்பது நியாயமில்லை. "கலாச்சாரம்" என்ற சொல், திட்டம் போட்டவரின் தவறை ஊர்க்காரர் தலையில் கட்டுவதற்கு மிகவும் வசதியானது.

10. அப்போ ஜப்பான், ஜெர்மனியில மட்டும் எப்படி சரியாச்சு?

அங்கே அரசைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. 1945இல் ஜப்பானில் எழுத்தறிந்த மக்கள், வரி வசூல், மாவட்ட நிர்வாகம், நீதிமன்றம், பள்ளி எல்லாம் ஏற்கெனவே இருந்தன. அமெரிக்கத் தளபதி ஜப்பானிய அமைச்சகங்களின் வழியாகவே ஆணையிட்டார். 1952இல் ஆக்கிரமிப்பு முடியும்வரை கிராமத்தில் கொரில்லாப் போர் எதுவும் கிளம்பவில்லை. ஆப்கன் ராணுவத்தில் 2009 வாக்கில் சேர்ந்தவர்களில் ஏழில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். ஆயுதக் கிடங்குப் பதிவேடு எழுத ஆள் இல்லாத படைக்குக் கணினியில் சரக்குக் கணக்கு வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜப்பானில் ஊழல் இல்லாமல் இல்லை. கறுப்புச் சந்தை பெரிதாக இருந்தது. 1948இல் ஷோவா டென்கோ என்ற உர நிறுவன லஞ்ச வழக்கில் அஷிதா அமைச்சரவையே விழுந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: அமைச்சரவையை வீழ்த்தியது ஜப்பானின் சொந்த வழக்கும் பத்திரிகையும் நாடாளுமன்றமும். காபூலில் 2010 ஜூலையில் அதிபரின் பாதுகாப்பு மன்ற அதிகாரி முகம்மது சியா சலேஹியை லஞ்ச வழக்கில் கைது செய்தார்கள். அதிபர் தலையிட்டதும் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். அவர் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-விடம் பணம் பெற்றவர் என்று அமெரிக்கப் பத்திரிகைகளே எழுதின. ஊழலை ஒழிக்கச் சொன்னதும் ஊழல்வாதிக்குச் சம்பளம் கொடுத்ததும் ஒரே நாடு.

11. ஈராக் படிச்ச நாடுதானே, அங்க ஏன் சொதப்புச்சு?

இருந்த நிர்வாகத்தை அமெரிக்கர்களே கலைத்ததால். 2003 மே மாதம் இரண்டு ஆணைகள் வந்தன: முதலாவது, சதாம் உசேனின் ஆளுங்கட்சியாக இருந்த பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது, இரண்டாவது ராணுவத்தைக் கலைத்தது. ஆசிரியரும் பொறியாளரும் வேலை இழந்தார்கள். ஆயுதப் பயிற்சி உள்ள லட்சக்கணக்கானோர் சம்பளம் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். பிறகு புதிய படையைச் சுழியத்திலிருந்து கட்டினார்கள். அதன் கதி 3ஆம் பதிலில்.

12. எங்க தாத்தா பிரெஞ்சு சர்வீஸ்ல சைகோன்ல இருந்தார். அப்பவும் இதே கதையா?

ஆமாம், அதுவும் தெளிவான கதை. புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பலர் கொச்சின்சீனாவில் (வியட்நாமின் தென்பகுதியில்) பிரெஞ்சு நிர்வாகத்தில் வரி, போலீஸ், ராணுவ வேலைகளில் இருந்தார்கள். 1949இல் பிரான்ஸ், பேரரசர் பாவோ தாயை முன்னிறுத்தி ஒரு வியட்நாம் அரசையும், பிறகு அதற்கு ஒரு படையையும் உருவாக்கியது. அந்தக் காலத்து இந்தோசீன நாணயம் பியாஸ்தர். 1945 டிசம்பரில் அதன் அரசு மதிப்பை 17 பிராங்க் என்று நிர்ணயித்தார்கள். சைகோன் சந்தையில் பத்துக்கும் கீழேதான் போனது. சந்தையில் மலிவாக பியாஸ்தர் வாங்கி, அனுமதி பெற்று பிரான்சுக்கு அரசு விலையில் மாற்றினால் ஒரு காகிதத்திலேயே கிட்டத்தட்ட இரட்டிப்பு. அனுமதிச் சீட்டு யாருக்குக் கிடைக்கும் என்பதுதான் வியாபாரம். அதிகாரி, வணிகர், அரசியல்வாதி எல்லோரும் செய்தார்கள். பிரான்சை எதிர்த்துப் போரிட்ட வியத்மின் இயக்கமும் இதே வழியில் வெளிநாட்டுப் பணம் திரட்டி ஆயுதம் வாங்கியது. 1953 மே மாதம் மதிப்பைப் பத்து பிராங்காகக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டே பிரான்சின் போர் முடிந்தது.

அந்த நாளில் அங்கே சிறு உத்தியோகத்தில் இருந்த உங்கள் தாத்தா போன்றவர்கள் இந்த வியாபாரத்தில் இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் கிடையாது. விலையை நிர்ணயித்தது பாரிஸ்.

13. இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனதையும் இதுல சேர்க்கலாமா? நம்ம மொழி பேசுற இடமாச்சே?

சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு படை போனது. அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போர் தொடங்கியது. இலங்கை அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தத்தின் கீழ் வடகிழக்கு மாகாண சபைக்கு 1988 நவம்பரில் தேர்தல் நடந்து, வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். சபைக்குத் தேவையான நிதி, போலீஸ் அதிகாரம் கொழும்பிலிருந்து வரவே இல்லை. 1989இல் சபையைக் காக்க "தமிழ்த் தேசிய ராணுவம்" என்று ஒன்றை, இளைஞர்களைக் கட்டாயமாகப் பிடித்துச் சேர்த்து உருவாக்கினார்கள். 1990 மார்ச்சில் இந்தியப் படை கப்பலேறியதும் அந்தப் படை கரைந்தது. சபையும் கலைந்தது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். பொதுமக்கள் இழப்பு அதைவிடப் பல மடங்கு; யாழ்ப்பாண மருத்துவமனையில் 1987 அக்டோபரில் நடந்த கொலைகளை அந்த மக்கள் மறக்கவில்லை.

படையில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் கோடிக்கணக்கில் அதே மொழி பேசுகிறவர்கள் இருந்தோம். மக்களும் முதலில் மாலை போட்டு வரவேற்றார்கள். மொழியும் பண்பாடும் நெருக்கமாக இருந்தும், வெளியிலிருந்து வைத்த ஆட்சி வெளிநாட்டுப் படை போனதும் நிற்கவில்லை. 7ஆம் பதிலில் சொன்ன பழக்கவழக்க வகுப்புகள் தீர்வாகாது என்பதற்கு நமக்கு மிக அருகிலுள்ள சான்று இது.

14. தணிக்கை செய்ய ஆள் போட்டாங்கல்ல? அவங்க என்ன பண்ணாங்க?

போட்டார்கள். ஆப்கானிஸ்தான் மறுகட்டமைப்புக்கான சிறப்புத் தலைமை ஆய்வாளர் அலுவலகம், சுருக்கமாகச் சிகார், 2008இல் அமெரிக்க நாடாளுமன்றச் சட்டப்படி அமைந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தந்தது. 2ஆம் பதிலில் வரும் விமானமும் கட்டடமும் அவர்கள் வெளிக்கொண்டு வந்தவை. நாட்டில் 2.1 விழுக்காடுதான் காடு என்றிருக்க, ராணுவச் சீருடைக்கு விலை அதிகமான காட்டு மறைப்பு வடிவத்தைத் தேர்ந்ததால் 2.8 கோடி டாலர் வரை வீணாகியிருக்கலாம் என்பதும் அவர்கள் கணக்கு.

ஆனால் தணிக்கை வருவது செலவுக்குப் பின். அமெரிக்கக் குடிமகன் திருடினால் அவர்கள் வழக்குப் போட முடியும். ஆப்கன் அமைச்சரைத் தொட முடியாது. அவரைத் தொட்டால் போர்க் கூட்டாளி கோபிப்பார். "இப்போது சண்டை, பிறகு ஊழல் ஒழிப்பு" என்ற வரிசை இருபது வருடமும் மாறவில்லை.

15. 2021ல பத்து நாள்ல விழுந்துச்சே. சிப்பாய்ங்க கோழைங்களா?

அப்படிச் சொல்வது பெரும் அநியாயம். இருபது ஆண்டில் ஆப்கன் ராணுவத்திலும் போலீஸிலும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் கொடுத்தார்கள். அமெரிக்கப் படை இழப்பைப் போல இருபது மடங்குக்கும் அதிகம்.

ஆகஸ்ட் 6 அன்று சராஞ்ச் நகரத்தில் தொடங்கி 15 அன்று காபூலில் முடிந்த சரிவுக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. அமெரிக்கப் படை வெளியேறுவதற்கான 2020 பிப்ரவரி தோஹா ஒப்பந்தம் அமெரிக்காவும் தாலிபானும் போட்டது. ஆப்கன் அரசு அந்த மேசையில் இல்லை. இனி நமக்கு யாரும் இல்லை என்று ஒவ்வொரு சாவடிக்கும் அது செய்தி சொன்னது. அடுத்து, விமானப்படையைப் பழகிய ரஷ்ய எம்.ஐ.-17 ஹெலிகாப்டரிலிருந்து அமெரிக்க பிளாக் ஹாக்குக்கு மாற்றியிருந்தார்கள். அதைப் பழுது பார்த்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்த ஊழியர்கள். அவர்கள் கிளம்பியதும் பறப்பது குறைந்தது. பறப்பது நின்ற இடத்தில் முற்றுகைக்குள் இருந்த சாவடிக்கு உணவும் தோட்டாவும் போகவில்லை, காயம்பட்டவரைத் தூக்கி வரவும் வழியில்லை. மூன்றாவது, 3ஆம் பதிலில் உள்ள கணக்கு. சம்பளம் பல மாதம் வராத, பாதி ஆள் இல்லாத சாவடிக்கு ஊர்ப் பெரியவர் வழியாகத் தாலிபான் தூது அனுப்பியது: ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, வழிச்செலவுக்குப் பணம் தருகிறோம். உள்ளூர் வழக்கத்தை நன்றாகப் படித்து வைத்திருந்தவர்கள் அவர்கள்.

16. அப்போ வெளிநாட்டு உதவியே வேண்டாமா? நல்லா நடந்தது ஒண்ணுகூட இல்லியா?

உண்டு. 2003இல் தொடங்கிய தேசிய ஒற்றுமைத் திட்டம் நாங்கள் எப்போதும் எடுத்துச் சொல்வது. கிராமத்தார் வாக்களித்து ஒரு மேம்பாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். குடும்பத்துக்கு 200 டாலர் வீதம், கிராமத்துக்கு அதிகபட்சம் 60,000 டாலர் நேராக வரும். கிணறா, வாய்க்காலா, சிறு மின்நிலையமா என்பதைக் குழு முடிவு செய்யும். வரவு செலவை ஊரறிய அறிவிக்க வேண்டும். ஊர் உழைப்பும் சேர வேண்டும். ஆயிரக்கணக்கான கிராமங்களில் வேலை நடந்தது. சில இடங்களில் பழைய பெரிய மனிதர்கள் குழுவைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் தொகை சிறியது, வரவு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும், திருடினால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்.

இதிலிருந்து பெறக்கூடிய நடைமுறை: தொகையைச் சிறிதாக வைத்து ஆண்டுகளை நீட்டுவது, கணக்கை நன்கொடை நாட்டு மொழிக்கு முன் ஊர் மொழியில் வெளியிடுவது, அதிகாரிகளைக் குறைந்தது மூன்று நான்கு ஆண்டு ஒரே இடத்தில் வைத்து மொழி கற்பிப்பது, உள்ளூர் வரியால் தாங்க முடிகிற அளவுக்கே படை கட்டுவது. ஆப்கன் அரசின் சொந்த வருமானம் கடைசி ஆண்டுகளில் 200 முதல் 250 கோடி டாலர். படைச் செலவு மட்டும் அதைவிடக் கணிசமாக அதிகம். முதல் நாளிலேயே போட்டுப் பார்த்திருக்கக் கூடிய கூட்டல் கழித்தல் இது.

17. கைரேகை, கண் ஸ்கேன் எடுத்தாங்களே, பொய்ச் சிப்பாய்ங்கள ஒழிக்க. அந்தத் தகவலெல்லாம் இப்ப யாருகிட்ட?

சம்பளத் திருட்டைத் தடுக்க அமெரிக்கப் பணத்தில் ஆப்கன் பணியாளர் சம்பளப் பதிவு முறை என்று ஒன்றைக் கட்டினார்கள். ராணுவம், போலீஸில் சேர்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரின் விவரம் அதில் ஏறியது. கைரேகை, படம் தவிர, தந்தை பெயர், தாத்தா பெயர், சொந்த ஊர், அவருக்காகச் சாட்சி சொன்ன ஊர்ப் பெரியவர்கள் பெயர் வரை உண்டு. பொய்ப் பெயர்கள் ஓரளவு உதிர்ந்தன. முழுதாக ஒழியவில்லை, பட்டியல் சுத்தமாவதற்குள் ஆட்சி போய்விட்டது.

2021 ஆகஸ்டில் அமைச்சகக் கட்டடங்கள் தாலிபான் வசம் போனபோது கணினிகளும் கூடவே போயின. களத்தில் கருவிழிப் பதிவும் கைரேகையும் எடுக்கப் பயன்பட்ட கையடக்கக் கருவிகள் சிலவும் அவர்கள் கைக்குப் போனதாக அப்போதே செய்தி வந்தது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு அமெரிக்கச் சிறப்பு விசா என்று ஒரு வழி இருந்தது. அதில் 14 படிகள், ஒன்பது மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சாதாரணச் சிப்பாய்க்கு அந்த விசாவும் கிடையாது. ஓய்வூதியத்துக்கும் சம்பளத்துக்கும் நம்பிக் கொடுத்த விவரத்தில் வீட்டு முகவரி இருக்கிறது என்பதால், பலர் பத்திரங்களையும் சீருடைப் படங்களையும் எரித்துவிட்டு வேறு மாகாணங்களுக்கு, ஈரானுக்கு, பாகிஸ்தானுக்குப் போனார்கள்.